ஏழு பேருக்கு நான் வைத்த ஒரு கையெழுத்து

வேலைக்குச் சேர்ந்து மூன்று கிழமைகூட ஆகாத உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார். "இந்த லைசன்ஸ் பைலை எல்லாம் ஆர் சேர் வாசிக்கிற? கீழ போய் 'ஓம்' எண்டு அழுத்திட்டுப் போறதுதானே?" எனக்கு வந்த கோபத்தில் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்த சத்தம் பக்கத்து அறைவரை கேட்டது. பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கல்முனைக் கரையில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு 'ஓம்' சொன்னவர்களில் முதல் ஆள் நான்தான். அந்தக் கதையை இதுவரை சிரிப்பதற்காக மட்டும் சொல்லி வந்திருக்கிறேன். இன்று முழுவதையும் சொல்கிறேன்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு நான் கல்முனையில் கணினி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வகுப்புக்கு வரப் பிள்ளைகள் இல்லை. எங்கள் பாடசாலைகள் எல்லாம் முகாம்கள் ஆகிவிட்டன. யார் மௌத்து, யார் உயிரோடு எந்த முகாமில் என்று தெரியாமல் சனம் அலைந்தது. உதவி செய்ய வந்த ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புதுக் கொப்பியோடு வந்தது. ஒரே குடும்பத்தை ஐந்து கொப்பியில் எழுதினார்கள். இன்னொரு குடும்பத்தை ஒன்றிலும் எழுதவில்லை.

இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் ஏழு பேர் சேர்ந்தோம். காரைதீவிலிருந்து ஒரு கணித ஆசிரியர் வந்தார். அவரை நாங்கள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். மருதமுனை, அக்கரைப்பற்று, நாவிதன்வெளிப் பக்கத்திலிருந்து நாலு பேர். பெயர்களைப் பதிய வந்த ஜெசீமா ராத்தா, எங்களுக்கெல்லாம் அக்கா மாதிரி. பிறகு நான். யுத்தம் நடந்த காலம் அது. எங்கள் முஸ்லிம் ஊராள் அவர்களுடைய தமிழ் ஊருக்கும் அவர்கள் ஊராள் எங்கள் ஊருக்கும் போகப் பத்துத் தரம் யோசிக்கிற காலம். மாஸ்டர் மட்டும் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத் தினமும் சைக்கிளில் வந்து இறங்குவார். "ரெண்டு ஊரையும் அடிச்ச கடல் ஒண்டுதானே காக்கா. லிஸ்டும் ஒண்டா இருக்கட்டும்" என்பார். அண்ணனை எங்கள் ஊரில் காக்கா என்போம்; அவரும் என்னை அப்படியே கூப்பிடுவார்.

வீடு, கிணறு, தென்னை, வேலி எல்லாம் சேர்ந்த காணியை எங்கள் பக்கத்தில் வளவு என்போம். நாங்கள் எழுதிய மென்பொருளுக்கும் 'வளவு' என்றே பெயர் வைத்தோம். அதைத் திறந்த மூலமாக வெளியிட வேண்டும் என்றவர் மாஸ்டர். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். ஆனால் திருத்தியதை வேறொருவருக்குக் கொடுப்பவர், அந்தத் திருத்தத்தையும் அதே நிபந்தனையில் திறந்துதான் கொடுக்க வேண்டும். எழுதிய அத்தனை பேரும் கையெழுத்து வைத்தால் ஒழிய அதை யாரும் மூட முடியாது. மாஸ்டர் இதை ஒரு பின்னேரம் முழுக்க எங்களுக்கு விளங்கப்படுத்தினார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். ஒரு வரி வாசிக்கவில்லை.

அந்த மென்பொருளின் முதல் கேள்வியை நான் எழுதவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நான் எழுதிய படிவத்தில் முதல் கேள்வி 'குடும்பத் தலைவர் பெயர்' என்று இருந்தது. ராத்தா இரண்டு பேரைப் பதிந்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

"தம்பி, இது ஆர்ர புத்தி?"

"ஏன் ராத்தா, என்ன பிழை?"

"வீடு ஆர்ர எண்டு கேக்காம தலைவர் ஆர் எண்டு கேக்கிறீங்க. நீங்க கலியாணம் முடிச்சி எங்க போய் இருக்கீங்க?"

"அவட வீட்டுலதான்."

"அது ஆர் கட்டின வீடு?"

"அவட வாப்பா கட்டினது."

"ஆருக்கு?"

"அவக்கு."

"மறுகா? நீங்க வந்த ஆள்தானே. வந்த ஆளப் போட்டுட்டு, இருக்கிற ஆள எங்க எழுதுற?"

மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் கரையில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். மூன்று மகள் இருந்தால் ஒரே வளவில் மூன்று வீடு எழும்பும். இதிலேயே பிறந்து வளர்ந்த நான், கணினியின் முன்னால் உட்கார்ந்ததும் வேறு நாட்டுக்காரன் மாதிரி எழுதியிருந்தேன். ராத்தா சொல்லச் சொல்ல மாற்றினோம். முதல் கேள்வி 'இந்த வீடு யாருடையது, அவருக்கு யார் கொடுத்தது' என்று ஆனது. அதன் கீழ் வரும் அத்தனை கேள்விகளையும், எந்தப் பதிலுக்குப் பின் எந்தக் கேள்வி வரவேண்டும் என்ற ஒழுங்கையும் ராத்தாதான் எழுதினார். எழுதியவர் பட்டியலில் அவருடைய பெயரிலேயே அது சேர்ந்தது.

ராத்தாவின் வீடும் கடலோரத்தில்தான் இருந்தது. அவருடைய வாப்பா கட்டிக் கொடுத்த வீடு. கடல் அதை அத்திவாரத்தோடு கொண்டு போய்விட்டது. கடலோரத்தில் திரும்பக் கட்டக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆகவே அவரும் இரண்டு மகள்மாரும் தகரக் கொட்டிலில் இருந்து, வயற்பக்கம் எழும்பிக்கொண்டிருந்த புது வீட்டுத் திட்டத்தைப் பார்த்தபடி வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். புருஷன் கடல் வருவதற்கு முந்தியே வேறொரு ஊரில் இன்னொரு கலியாணம் முடித்துப் போனவர். தலாக்கும் சொல்லவில்லை, செலவுக்கும் கொடுக்கவில்லை.

யுத்தம் முடியப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்ட மாதங்களில் கொழும்பிலிருந்து ஒரு கம்பனி வந்தது. அதன் முகாமையாளர் நல்ல மனிசன். நல்ல தமிழ், நல்ல மரியாதை, அந்த வெயிலிலும் கழுத்துப்பட்டி. அப்போது எங்கள் நிலைமை என்ன தெரியுமா? இருந்த கணினிகளில் பாதியை உப்புக்காற்று தின்றுவிட்டது. எழுதியவர்கள் களைத்துப்போய்த் தங்கள் தங்கள் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் புதுக் கணினிகள் தருகிறேன், இரண்டு பேருக்கு நிரந்தர வேலை தருகிறேன், 'வளவை' நாடு முழுக்கக் கொண்டு போகிறேன் என்றார். எனக்கு நெஞ்சு நிரம்பிவிட்டது.

"மத்த ஆறு பேருக்கும் சம்மதமா? எல்லாருடைய கையெழுத்தும் வேணும்" என்றார்.

"அவங்கட சார்பில நானே வெக்கிறன். நான்தான் இதுக்குப் பொறுப்பு" என்றேன்.

இந்தப் பிழையை வேறு ஊர்க்காரன் செய்திருப்பானோ தெரியாது. எங்கள் பள்ளிவாசலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் இருப்பார். குடி என்றால் தாய்வழியில் வருகிற வம்சம். குடியிலுள்ள அத்தனை குடும்பத்துக்காகவும் சபையில் அவர்தான் கதைப்பார். அவர் ஓமென்றால் குடி ஓமென்றது. என் வாப்பா அப்படி ஒரு மரைக்கார். ஒருவர் வாயைத் திறந்தால் நூறு பேர் பேசியதாக ஆகும் வீட்டில் வளர்ந்தவன் நான். அந்தப் பத்திரத்தில் ஏழு பெயரும் வரிசையாக இருந்தன. ஏழையும் ஒரு பெரிய அடைப்புக்குறிக்குள் போட்டு, பக்கத்தில் என் கையெழுத்தை நீட்டி வைத்தேன். முகாமையாளருக்கும் அவசரம். பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு மற்றவர்களிடம் சொன்னேன். நாலு பேர் நல்லது என்றார்கள். மாஸ்டர், "கேட்டிருக்கலாமே காக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ராத்தாவிடம் நான் சொல்லவே இல்லை. அவர் கணினிக் கோட் எழுதவில்லையே, அவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

சில மாதங்களில் கம்பனியின் புதுப் பதிப்பு எங்கள் பக்கத்து அலுவலகங்களுக்கெல்லாம் வந்தது. பெயர் மாறியிருந்தது, நிறம் மாறியிருந்தது. அழகான வரைபடம் ஒன்று சேர்த்திருந்தார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. முதல் கேள்வி மட்டும் திரும்பவும் 'குடும்பத் தலைவர்' ஆகியிருந்தது; பழைய பதிவில் புருஷன் என்று இருந்த பெயரே அந்த இடத்துக்குப் போயிருந்தது. நாடு முழுக்க விற்க வேண்டுமே, எல்லா இடத்துக்கும் ஒரே படிவம் வேண்டுமே! கோட் மூடப்பட்டிருந்ததால் எங்களால் உள்ளே கையும் வைக்க முடியவில்லை. புது வீட்டுத் திட்டத்தின் பயனாளிப் பட்டியல் அந்தப் பதிப்பிலிருந்துதான் அச்சாகிப் பலகையில் ஒட்டப்பட்டது.

அடுத்த நாள் காலையில் ராத்தா என் வகுப்பு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"தம்பி, நான் ஆர்?"

"என்ன ராத்தா இது கேள்வி?"

"லிஸ்ட்ல நான் 'மனைவி'. அவர் தலைவர். கடலுக்கு முந்தியே போன மனிசன், இந்தப் பக்கம் தல வெச்சும் படுக்காத மனிசன், என்ட வீட்டுக்குத் தலைவராம். நேத்து ஆள் அனுப்பிக் கேக்கிறார், சாவி எப்ப குடுப்பாங்க எண்டு."

நான் ஒரு நாற்காலியை வாசலுக்கு எடுத்துப் போட்டேன், அவர் உட்காரவில்லை.

"வாப்பா தந்த வீட்டக் கடல் கொண்டு போச்சு. அழுதன், மறுகா விட்டுட்டன். கடல் கேட்டுட்டா எடுக்கும்? இத நீங்க எடுத்துக் குடுத்திருக்கீங்க தம்பி. நீங்க."

முகாமையாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் பொறுமையாகத்தான் கதைத்தார். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார். கோட் இப்போது கம்பனியுடையது, உங்கள் கையெழுத்து இருக்கிறதே என்றார். நான் சத்தம் போட்டேன், கெஞ்சினேன். கடைசியில் அவர் இறங்கி வந்தார். "சரி, அந்த ராத்தாட பேர மட்டும் நான் கையால மாத்தித் தாறன். விஷயத்த இதோட விடுங்க" என்றார்.

நான் துள்ளிக்கொண்டு ராத்தாவின் கொட்டிலுக்குப் போனேன். அவர் முழுவதையும் காதில் வாங்கினார். அசர் தொழுதுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். நான் வெளியே தகர நிழலில் நின்றேன். மூத்த மகள் தண்ணீர் கொண்டு வந்து தந்தாள். அந்தப் பிள்ளைக்குக் கலியாண வயது. ராத்தா என்ன சொல்வார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

வெளியே வந்தவர், "வேணாம் தம்பி" என்றார்.

"ராத்தா, புள்ளைகள யோசிங்க!"

"யோசிச்சன். அந்தக் கேள்விய எழுதினது நான். என்ட பேர மட்டும் மாத்திட்டு மத்தப் பொம்பளைகள்ற முகத்துல எப்பிடி முழிக்கிற? மாத்துறெண்டா கேள்விய மாத்தட்டும்."

வீடு போய்விடும் என்ற பயத்தோடுதான் சொன்னார், ஆனால் உறுதியாகச் சொன்னார். நான் நேரே காரைதீவுக்குப் போய் மாஸ்டரிடம் கொட்டினேன். அவர் சோக்குக் கறை படிந்த விரலால் கன்னத்தைத் தட்டிக்கொண்டு கேட்டார்.

"காக்கா, எங்கட ஆறு பேர்ட சம்மதத்த நீங்க கேட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப அந்தக் கையெழுத்து செல்லாது. நீங்க உங்கட பங்கத்தான் எழுதிக் குடுக்கலாம். எங்கட பங்கு உங்கட கையில இல்ல. 'வளவு' இப்பவும் திறந்துதான் இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப பிரச்சினை முடிஞ்சுதே!"

"முடியல்ல. அத நீங்கதான் சபையில எழும்பிச் சொல்லணும். அதிகாரம் இல்லாம வெச்ச கையெழுத்து எண்டு."

அன்று வீடு திரும்பும் வழி முழுக்க வாப்பாவின் முகம்தான். மரைக்காரின் மகன் இல்லாத அதிகாரத்தில் கையெழுத்து வைத்தான் என்று ஊர் கதைக்கும். கம்பனி வழக்குப் போட்டால் நான் தாங்க மாட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் என் பெயர் தப்பும், ராத்தாவின் வீடு போகும். இரண்டையும் எத்தனை தரம் மாற்றி மாற்றி நினைத்தாலும் எழும்பிச் சொல்ல வேண்டும் என்றுதான் கணக்கு வந்தது.

பட்டியலை உறுதிப்படுத்தும் கூட்டம் பிரதேச செயலகத்தில் காலை பத்து மணிக்கு. பிரதேச செயலாளர், கிராம சேவகர்கள், முகாமையாளர், பொதுமக்கள் என்று மண்டபம் நிறைந்திருந்தது. ஆட்சேபனை உண்டா என்று செயலாளர் கேட்டதும் எழும்பினேன்.

"இந்த மென்பொருளக் கம்பனிக்குக் குடுத்துக் கையெழுத்து வெச்சது நான். ஏழு பேருக்கும் சேர்த்து வெச்சன். மத்த ஆறு பேரும் எனக்கு அந்த அதிகாரத்தத் தரல்ல. நான் கேக்கவும் இல்ல. பிழை என்ட."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. முகாமையாளர் சிவந்துவிட்டார். "அப்ப எங்கள ஏமாத்தினீங்களா?"

"ஓம். உங்களையும், என்ட ஆக்களையும்."

அதைச் சொல்லிவிட்டு நான் உட்காராமல் நின்றேன்.

முகாமையாளர் கெட்டிக்காரர். "சரி, மத்தவங்க இப்பவே வெக்கலாமே" என்று பத்திரத்தை மேசையில் விரித்தார். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு, "நான் வெக்கமாட்டன்" என்றார். அடுத்து பத்திரம் ராத்தாவின் முன்னால் போனது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். அந்தப் பத்திரத்தை முழுதாக வாசித்த முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். மண்டபமே காத்திருந்தது. வாசித்து முடித்து, மடித்து, முகாமையாளரின் பக்கமாகத் தள்ளினார்.

"இதுல என்ட கையெழுத்து இல்ல. இனியும் இராது."

"இவங்க டைப் பண்ண வந்தவங்கதானே? கோட் எழுதினவங்க இல்லையே" என்றார் முகாமையாளர்.

மாஸ்டர் இதற்குத்தான் காத்திருந்தார் போல. "உங்கட பத்திரத்தில மூண்டாவது பேர் ஆர்ர சேர்? நீங்கதானே அச்சடிச்சது?"

மண்டபம் சிரித்தது. செயலாளர் சிரிக்கவில்லை. "சட்டத்த நீங்க மறுகா பாருங்க. எனக்கு வீடு குடுக்கணும். பழைய லிஸ்டும் புது லிஸ்டும் ஒண்டா, வேறயா?" என்று கேட்டார்.

மாஸ்டர் பையிலிருந்து சீடியை எடுத்தார். பழைய 'வளவு', அதில் எங்கள் பழைய பதிவுகள். இரண்டு பட்டியலையும் கணினியில் பக்கம் பக்கமாகப் போட்டு, வேறுபடும் வரிகளை மட்டும் எடுத்தோம். செயலாளர் ராத்தாவையே வாசிக்கச் சொன்னார். முதல் பெயர் ஒரு பெண். இரண்டாவது ஒரு பெண். அடுத்ததும் பெண். பெயர் சொல்லச் சொல்ல அந்தந்தப் பகுதிக் கிராம சேவகர் எழும்பி, "ஓம், அது அவட உம்மா குடுத்த வீடு", "ஓம், அது சீதன வீடு" என்றார்கள். வாசலில் நின்ற பெண்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். ஒருத்தி தன் பெயர் வந்ததும், "நான்தான்! நான்தான்!" என்று கையைத் தூக்கினாள். நடுவில் தன்னுடைய பெயர் வந்தபோது ராத்தா அதையும் மற்றப் பெயர்களைப் போலவே வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

கடைசிப் பெயர் முடிந்ததும் செயலாளர் பேனாவை மூடினார். "மூடின பெட்டிக்குள்ள ஆர் எத மாத்தினார் எண்டு நான் எப்பிடிக் காணுற? திறந்து பாக்கக்கூடிய லிஸ்டத்தான் நான் எடுப்பன்" என்றார். அவ்வளவுதான். மாஸ்டர் என் முதுகில் அறைந்த அறை இன்றைக்கும் வலிக்கிறது. அன்று மண்டபத்துக்கு வெளியே யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று எண்ணவே முடியாது.

கம்பனி பிறகு தன் சட்டத்தரணியிடம் லைசன்ஸை முழுதாக வாசிக்கக் கொடுத்தது. எங்கள் கோட்டின் மேல் கட்டியதை ஏற்கனவே அலுவலகங்களுக்குக் கொடுத்துவிட்டார்களே, ஆகவே தங்கள் பதிப்பையும் திறக்க வேண்டி வந்தது. அந்த அழகான வரைபடமும் எங்களுக்கு வந்து சேர்ந்தது! என்மேல் வழக்குப் போடவில்லை. கொஞ்ச காலம் கழித்து அந்த முகாமையாளரே வரைபடத்தில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினார். எழுதியவர் பட்டியலில் அவர் பெயரையும் சேர்க்கலாமா என்று மற்ற ஆறு பேரிடமும் ஒவ்வொருவராகக் கேட்டேன். ஆறு பேரும் ஓம் என்ற பிறகுதான் சேர்த்தேன்.

கம்பனிகளைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்களும் கம்பனியில்தான் சம்பளம் வாங்குகிறீர்கள், நானும் வாங்கினேன். அந்த மனிசன் விற்க வந்தவர், விற்கப் பார்த்தார். காக்க வேண்டியவன் நான். ஊர் ஒரு வருடம் என்னைக் 'கையெழுத்துக் காக்கா' என்று கூப்பிட்டது. இப்போதும் சந்தையில் சிலர் கூப்பிடுகிறார்கள், நானும் திரும்பிப் பார்க்கிறேன். உங்களிடம் யாராவது ஒரு பத்திரத்தை நீட்டினால், அதில் உங்கள் பெயரோடு வேறு யார் யாருடைய வேலை இருக்கிறது என்று பாருங்கள். கேள்வி எழுதியவரை, மொழிபெயர்த்தவரை, பிழை பார்த்தவரை முதலில் தேடுங்கள். கோட் எழுதியவர்கள் தாங்களே சத்தம் போடுவார்கள்.

வீடு கையளித்த நாளில் யுத்தம் முடிந்திருந்தது. நாங்கள் ஏழு பேரும் போயிருந்தோம். உத்தியோகத்தர் பழக்கத்தில் சாவியை என் பக்கம் நீட்டினார், ஆம்பிளை நிற்கிறானே என்று. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். ராத்தா முன்னுக்கு வந்து சாவியை வாங்கினார். உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்து வைத்தார். கீழே சாட்சிக்கு ஓர் இடம் இருந்தது. ராத்தா பேனாவை என்னிடம் தந்தார். தந்த பேனாவை விடாமல் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"வைங்க தம்பி. உங்கட பேருக்கு மட்டும்."